ஓலையிற் புள்ளியும் உயிரிற் புள்ளியும்

“விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?” என்பது நம் பழமொழி. முளைக்காது என்பதே உலகறிந்த விடை. ஆயின், ஒரே மரத்தின் உடலினின்று பிறந்த கன்றுகளுட் சில, தாயின் மரபெழுத்து மாறாதிருக்கவும், தாய் ஈனாத காயை ஈன்றன. இது நிகழ்ந்தது செம்பனையில். மலேசியத் தமிழர் செம்பனை என வழங்கும் அம்மரத்தை இலங்கையில் முள்ளுத்தேங்காய் என்பர். நம் தென்னைக்கு அது உறவுமரம்.

தென்னையும் செம்பனையும் ஒற்றைக் குருத்துடையன. வாழைபோற் பக்கக்கன்று ஈனா. நெட்டைத் தென்னையிலோ ஒரு பாளையின் ஆண்பூக்கள் உதிர்ந்த பின்னரே பெண்பூக்கள் பக்குவமுறும். ஆதலின் அயன்மரத்து மகரந்தமே பெரும்பாலும் வந்து சேரும். தாய்மரம் குலைகுலையாய்க் காய்த்தாலும், பிள்ளையும் அவ்வாறே காய்க்கும் என்னும் உறுதி இல்லை. எனவே சிறந்த மரத்தின் இழையத்தைப் புட்டியில் வளர்த்து, அம்மரத்தின் படிகளாகவே கன்றுகளை ஆக்க அறிஞர் முயன்றனர்.

செம்பனையில் அம்முயற்சி பலித்தது. ஆனால், நட்டுச் சில ஆண்டு சென்று பூத்த பின்னரே சில மரங்களின் குறை வெளிப்பட்டது. மகரந்தந் தாங்க வேண்டிய கேசரங்கள் சூல்கொள்ளும் உறுப்புகளாய்த் திரிந்தன, வேண்டாத சதை காயைப் போர்வைபோல் மூடிற்று, காய்கள் பல மலடாயின, எண்ணெய் குன்றிற்று.

இதன் காரணத்தை மலேசிய, அமெரிக்க ஆய்வாளர் 2015இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். பூவின் உறுப்புகளை வகுக்கும் பரம்பரையலகு ஒன்றினுள்ளே ‘கர்மா’ எனப் பெயரிய இடைச்செருகல் ஒன்று கிடக்கின்றது. மெதைல் என்னும் சிறு வேதியற் குறி அதன்மேற் செறிந்திருக்கும்வரை அது வாய்மூடியிருக்கும். புட்டி வாழ்விலே அக்குறி நீங்கினால், பரம்பரையலகின் வாசகம் நடுவே முறிந்துவிடுகின்றது. குறி நிறைந்ததை நற்கர்மா என்றும், இழந்ததைத் தீக்கர்மா என்றும் அவ்வறிஞர் அழைத்தனர்.

இடைச்செருகலும் குறியிழப்பும் தமிழ் கற்போர்க்குப் புதியன அல்ல. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. அகரத்தை அடக்குவது அப்புள்ளியே. ஓலை கிழியுமென்று அஞ்சி ஏடெழுதுவோர் அதனை இடாது விட்டனர். ‘பல்’ என்று கருதியது ‘பல’ என்று நின்றது. எழுத்து மாறவில்லை, புள்ளி இல்லாமையாற் பொருள் மாறிற்று. ஏடு பதிப்பித்தோர் பட்ட பாட்டை வகுப்பிலே உரைக்கும்போது, நான் இப்பொழுது செம்பனையின் கதையையும் உடன் உரைக்கின்றேன். எழுத்தை மாற்றாது அதன் வாசிப்பை மாற்றும் இத்தகைய குறிகளை ஆராயும் துறையே மேன்மரபியல்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மருதமுனை முதல் நிந்தவூர் வரை வளவுகளில் நிற்பது தென்னை. 1929இல் தோன்றிய லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையமும் தென்னையின் இழைய வளர்ப்பை ஆராய்ந்துள்ளது. செம்பனையின் குறை தென்னைக்கும் நேரும் என்று நான் கூறவில்லை. எனினும், பாளை வெடிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகவே அதன் பூவரும்பு குருத்தினுள்ளே தோன்றிவிடுகின்றது. கண்ணுக்குத் தெரியாமலே முடிவாகும் காரியத்திற்கு ஏழைக் குடியானவன் தன் வளவையும் ஆண்டுகளையும் ஈடுவைக்கின்றான்.

செம்பனைக் கன்று சிறிதாயிருக்கும்போதே கர்மாவின் குறியைச் சோதித்துக் குறையுள்ளதை விலக்கலாம் என்பதையும் அவ்வாய்வே காட்டிற்று. படியெடுத்த தென்னம்பிள்ளைகள் நம் வளவுக்கு வரும் நாளில், தாய்மரம் எது என்று கேட்பதோடு நில்லாது, புள்ளி பார்த்தாயிற்றா என்றும் நாம் கேட்டல் வேண்டும்.