கேக்கில் பாயும் ஸ்பைடர்மேன்! வெட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்க!

திண்டிவனம்,-

பிறந்தநாள் கேக் என்றால் ஒரு காலத்தில் வட்டம் அல்லது சதுரம். மேலே நாலு ரோஜாப்பூ. நடுவில் பெயர். அவ்வளவுதான்!

இப்போது கதையே வேறு. "அப்பா, எனக்கு ஸ்பைடர்மேன் கேக்தான் வேணும்" என்று வாண்டுகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். சோட்டா பீம், டோரா, பிகாச்சு, ராக்கெட், வீடியோ கேம் வீரன் என்று எது பிடிக்கிறதோ அது கேக்காக வரவேண்டும். சென்னை, பெங்களூரில் இருந்த இந்த மோகம் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தையும் பிடித்துக்கொண்டது.

மாயாவி ரசிகர்கள்

"இதெல்லாம் என்ன கூத்து?" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ள முடியாது. 1972-ல் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்தது. நாயகன் 'இரும்புக்கை மாயாவி'. அதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள்தானே இன்றைய தாத்தாக்கள்!

2007-ல் சுட்டி டி.வி. வந்தது. டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசினார்கள். 2008-ல் சோட்டா பீம் வந்தான். தாத்தா படித்தார். அப்பா பார்த்தார். பேரன் வெட்டிச் சாப்பிடுகிறான்!

6 அடி மரடோனா

கேக்கில் உருவம் செய்வதில் நம்மவர்கள் கில்லாடிகள். கால்பந்து வீரர் மரடோனா 2020 நவம்பரில் காலமானார். அடுத்த மாதமே ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரி வாசலில் 6 அடி உயர 'கேக் மரடோனா' நின்றார். 60 கிலோ சர்க்கரை, 270 முட்டை, 4 நாள் உழைப்பு! 2024 டிசம்பரில் அதே ஊரில் தொழிலதிபர் ரத்தன் டாட்டாவும் கேக் சிலையானார். பக்கத்தில் அவருடைய செல்ல நாயும் இருந்தது.

பெங்களூரில் ஆண்டுதோறும் கேக் கண்காட்சியே நடக்கிறது. 2024-ல் நடந்தது 50-வது கண்காட்சி. கோட்டை, கோபுரம், கார்ட்டூன் என்று எல்லாமே சர்க்கரை வேலைதான். கூட்டம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது.

உள்ளே பொரி!

இந்த உருவம் எப்படி நிற்கிறது? நடுவில் கம்பியோ குச்சியோ இருக்கும். தலை, கை போன்ற பாகங்களுக்குப் பொரியைப் பாகில் பிசைந்து பிடிப்பது உண்டு. நம்ம ஊர் பொரி உருண்டை மாதிரிதான்! அதன் மேல் சப்பாத்தி போல் தேய்த்த சர்க்கரை மாவைப் போர்த்துவார்கள். பேக்கரிக்காரர்கள் இதை 'பாண்டன்ட்' என்பார்கள். கண், மூக்கு, சட்டை எல்லாம் இதிலேயே செதுக்கப்படும்.

இதுவரை எல்லாம் கைத்திறமை. பாராட்டத்தான் வேண்டும். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

சிவப்புதான் சிக்கல்

அந்தச் சர்க்கரை மாவு பால் போல் வெள்ளை. ஸ்பைடர்மேனுக்கோ ரத்தச் சிவப்பு வேண்டும். ரோஸ் கலர் வரக் கொஞ்சம் சாயம் போதும். அடர் சிவப்பும் கறுப்பும் வரவேண்டும் என்றால் நிறையக் கொட்டவேண்டும். வாடிக்கையாளர் "படத்துல இருக்கற மாதிரியே பளிச்னு வேணும்" என்கிறார். கொட்டுகிற கை தாராளமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயம் என்றாலும், பொதுவாக ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அதாவது, ஒரு கிராம் சாயத்தை 10 கிலோவுக்குப் பிரிக்கவேண்டும்!

2024 அக்டோபரில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை ஒரு தகவலை வெளியிட்டது. 235 கேக் மாதிரிகளைச் சோதித்ததில் 12-ல் செயற்கைச் சாயம் அளவுக்கு மீறி இருந்தது. 'ரெட் வெல்வெட்', 'பிளாக் பாரஸ்ட்' ரகங்களும் அதில் அடக்கம். மீதி 223 மாதிரிகள் பாஸ்! ஆக, கேக் என்றாலே விஷம் என்று அலறவேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம்.

பஞ்சுமிட்டாய் பாடம்

பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில் நடந்ததை மறக்க முடியுமா? 2024 பிப்ரவரியில் அங்கே விற்ற பஞ்சுமிட்டாயில் 'ரோடமின்-பி' என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. துணிக்குப் போடுகிற சாயம் அது! உணவில் சேர்க்கவே கூடாது. புதுச்சேரியில் தடை வந்தது. அதே மாதத்தில் தமிழக அரசும் தடை போட்டது. அதிலும் பிள்ளைகளை இழுத்தது அந்தப் பளிச் ரோஸ் நிறம்தான்!

என்ன கேட்கவேண்டும்?

கடையோ, வீட்டில் செய்து தருபவரோ, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் வைத்திருக்கவேண்டும். "என்ன கலர் போடறீங்க? டப்பாவைக் காட்டுங்க" என்று கேட்கலாம். உணவுக்கான சாயம் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கவேண்டும். தயங்காமல் காட்டுகிறவரிடம் தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம்.

வேறு வழியும் உண்டு. முழு கேக்கையும் சிவப்பாக்காமல் மேலே ஒரு சின்ன பொம்மை மட்டும் வைக்கச் சொல்லலாம். கறுப்பு வேண்டுமா? கோகோ மாவில் ஆரம்பித்தால் சாயம் கொஞ்சம் போதும். மினுமினுக்கும் ஜிகினா, 'தின்னக்கூடியது' என்று போட்டிருந்தால் மட்டும் சரி. கம்பி, குச்சி, பிளாஸ்டிக் பொம்மை எங்கே இருக்கிறது என்று கேட்டு, வெட்டும் முன் எடுத்துவிட வேண்டும். பொடிசுகள் வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து!

ஸ்பைடர்மேன் சட்டை கொஞ்சம் வெளுத்திருந்தால் என்ன? பையன் கோபித்துக்கொள்ள மாட்டான். மெழுகுவர்த்தியை ஊதியதும் முதலில் தலையைத்தான் கேட்பான்!