கேமரன் மலைத் தேயிலை: நிலமும் சுவையும்

மலேசியாவில் தேயிலை என்றதும் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையே முன்னிற்கிறது. (மாணவர் பலருக்கு அதற்கு முன் ஸ்டிராபெரி நினைவுக்கு வருகிறது, அது வேறு கதை.) 1885ஆம் ஆண்டு இப்பகுதியை அளந்து குறிப்பெழுதிய நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் தொழிலில் பட்டறிவு பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து இங்கே ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்திச் செடி வளர்த்துக் கொழுந்து பறித்தவருள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர்.

இத்தேயிலையின் தனித்தன்மை யாது? ‘உயர்நிலத் தேயிலை’ என்று கூறி அமைதல் போதாது. உயரத்தில் நீலகிரியும் நுவரெலியாவும் கேமரன் மலையை விஞ்சுவன. வேறுபாடு பருவத்தில் உள்ளது. இலங்கையின் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசுகிறது. நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. இவ்வாறு செடியின் வளர்ச்சி தடைப்படும்போது இலையில் மணம் செறிகிறது. அப்பருவத் தேயிலைக்குத் தனி மதிப்பும் உண்டு. கேமரன் மலையோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 4.5 பாகையில் அமைந்துள்ளது. குளிர்ச்சி உண்டு; ஆனால் கடுங்கோடையோ உறைபனியோ இல்லை. மழை ஆண்டு முழுவதும் பெய்வதால் கொழுந்தும் ஆண்டு முழுவதும் துளிர்க்கிறது. எனவே மணம் உச்சமடையும் பருவம் இதற்கில்லை. துவர்ப்பு மிகாத, தெளிந்த, மாதந்தோறும் பெரிதும் மாறாத சாறு கிடைக்கிறது. இதனைக் குறையென்பாரும் உளர். சீர்மை என்பதே பொருந்தும்.

உயரத்தின் பங்கைச் சிலாங்கூரிலேயே காணலாம். கோலலங்காட் மாவட்டத்துப் புக்கிட் சீடிங்கில் அதே நிறுவனம் தாழ்நிலத் தோட்டம் அமைத்தது. வெப்பத்தில் விரைந்து வளரும் இலை நிறமும் கனமும் தரும், மணம் குறைவு. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளின் ‘தே தாரிக்’ வேண்டுவதும் இத்தகைய கடுஞ்சாற்றையே. தேயிலைத் தூளை நெடுநேரம் ஊறவைத்து, இனிப்புக் கெட்டிப்பாலைக் கலந்து ஆற்றினால் மலைமணம் எஞ்சுவதில்லை. நாட்டின் தேவைக்கு உள்நாட்டு விளைச்சல் போதாமையால் இறக்குமதித் தேயிலையும் மிகுதியாகப் புழங்குகிறது. மலையில் தமிழர் பறித்த தேயிலையின் இயல்பினை, அன்றாடம் தேநீர் அருந்தும் நகரத் தமிழர் நா அறிந்தது அரிதே எனலாம்.

சுவையில் கைக்கும் பங்குண்டு. இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதே நற்பறிப்பு. முற்றிய இலையில் பாலிஃபீனால் குறைவு. அது கலந்தால் சாறு மெலியும். தொழிலாளரின் பிள்ளைகள் கல்விக்கும் வேலைக்குமாக நகரங்களுக்கு இறங்கினர். அவர்தம் இடத்திற்கு வெளிநாட்டுத் தொழிலாளரும், பறிக்கும் கத்தரியும் இயந்திரமும் வந்தன. இயந்திரம் விரைவுடையது, ஆயினும் கொழுந்தையும் முற்றலையும் விரல்போல் பிரித்தறியாது. அப்பிரித்தறிவு தோட்டத்தில் தமிழ்ச் சொற்களாலேயே தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. ரப்பர்த் தோட்டச் சொற்களுக்குக் கிடைத்த கவனம் நம் ஆய்வுகளில் இவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. அவற்றை அறிந்த மூத்தோர் சிலர் இன்று பிள்ளைகளுடன் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். களப்பணிக்கு மாணவரை அங்கேயே அனுப்பலாம்.