மவுஸ் மூலம் ஆயில் பெயிண்டிங்: செஞ்சிப் பாறைகளை வரைவோம்

கம்ப்யூட்டரில் ஆயில் பெயிண்டிங் செய்ய பென் டேப்லட் கட்டாயம் தேவை என்று பலரும் சொல்வார்கள். முகம், பூ போன்றவற்றுக்கு அது சரிதான். மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. எனவே கோடு தடித்தும் மெலிந்தும் வராது. பாறைக்கு அந்த நளினம் தேவையில்லை. ஆகவே, மவுஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் பாறையைத்தான் முதல் பாடமாகச் சொல்வேன்.

விண்டோஸுடன் வரும் பெயிண்ட் புரோகிராமிலும் ஆயில் பிரஷ் உண்டு. ஆனால் ஈர வண்ணத்தைப் போல நிறங்களை அதில் குழைக்க முடியாது. இதற்கு கிரிட்டா புரோகிராம் நல்லது. அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. (மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கட்டணம் கேட்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.)

எனக்குப் பிடித்த காட்சி செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைச்சரிவுகளில் பெரிய பெரிய கருங்கல் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். ஒரு போட்டோவைப் பக்கத்தில் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். புதிய பைலில் 2000 x 1500 பிக்ஸல் போதும். இன்செர்ட் கீயை அழுத்தினால் புதிய லேயர் வரும். வானம், தூர மலை, பாறை என மூன்று லேயர்கள் போதுமானவை.

பாறை லேயரில் முதலில் ஒரே சாம்பல் நிறத்தில் பாறைகளின் உருவத்தை நிரப்புங்கள். பிறகு அந்த லேயரின் ஆல்ஃபா லாக்கை கிளிக் செய்யுங்கள். இனி வண்ணம் பாறையை விட்டு வெளியே போகாது. இப்போது வெயில் படும் மேல்பக்கம் வெளிர், பக்கவாட்டு நடுத்தரம், அடிப்பக்கம் அடர்த்தி என மூன்றே நிலைகளில், பிரிசில்ஸ் வகை பிரஷ்களால் தீட்டுங்கள். உருண்டையான பாறையையும் முதலில் இப்படிப் பட்டை பட்டையாகவே பிரியுங்கள்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். நிஜ ஆயில் வண்ணத்தில் அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் கலந்து சாம்பல் நிறம் உண்டாக்குவார்கள். அந்த இரண்டு நிறங்களையே இங்கும் எடுங்கள். வெளியில் நிழல் மீது வானத்தின் ஒளி விழுவதால் அதில் நீலம் கலந்திருக்கும். தரையை ஒட்டிய அடிப்பகுதியில் மண்ணின் பழுப்பு தெரியும். தூர மலைக்கு நீலத்தைக் கூட்டி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறையுங்கள்.

அடுத்து பிளென்டர் பிரஷ். புதியவர்கள் இது கிடைத்ததும் எல்லா இடத்திலும் தேய்ப்பார்கள். பாறை தலையணை ஆகிவிடும்! பாறை வளையும் இடத்தில் மட்டும் லேசாகக் குழையுங்கள். வெடிப்பு, விளிம்பு, இரு பாறைகள் சந்திக்கும் இடுக்கு ஆகியவை கூர்மையாகவே இருக்கட்டும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி. கண்ட்ரோல், ஷிப்ட், யு ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி ஓகே கொடுங்கள். அந்த லேயர் மட்டும் கறுப்பு வெள்ளை ஆகும். அப்போதும் பாறை கனமாகத் தெரிந்தால் வேலை சரி. தட்டையாகத் தெரிந்தால் நிறத்தை மாற்றிப் பயனில்லை; மூன்று நிலைகளின் இடைவெளியைக் கூட்டுங்கள். கண்ட்ரோல் இசட் அழுத்தினால் வண்ணம் திரும்ப வந்துவிடும்.

ஃபில்டர் மெனுவில் ஆயில்பெயிண்ட் என்றும் ஒன்று உண்டு. போட்டோவைச் சில விநாடிகளில் ஓவியம் போல மாற்றிவிடும். வாழ்த்து அட்டைக்கு ஆகும். வரையக் கற்க உதவாது.

சேமிக்கும்போது கிரிட்டாவின் சொந்த பார்மட்டில் ஒரு காப்பி வையுங்கள். ஜேபெக்கில் மட்டும் சேமித்தால் லேயர்கள் ஒன்றாகிவிடும். பிறகு வானத்தை மட்டும் திருத்த முடியாது.