பேட்டரி மீது பழி போடும் முன்...

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் நாம் உடனே புது எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுவதில்லை. மல்டிமீட்டரை எடுத்து மஞ்சள் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்போம். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கார் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட்டேன்.

அப்பாவை விடியற்காலையில் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய நாள். சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" என்ற சத்தம் மட்டும்தான். "பேட்டரி போச்சு சார்" என்றார் மெக்கானிக். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினேன். இரண்டே வாரத்தில், அப்பாவின் அடுத்த செக்கப் அன்று, மீண்டும் அதே "டிக் டிக்". அப்புறம்தான் மல்டிமீட்டருடன் போனட்டைத் திறந்தேன்.

எப்படி வேலை செய்கிறது?

பேட்டரியின் முக்கிய வேலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும், பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர்தான் காருக்குத் தேவையான மின்சாரத்தைத் தருகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் அதுதான். ஆகவே பேட்டரி இறங்கிவிட்டால் குற்றவாளி பேட்டரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

என்ன தேவை?

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, மீட்டர் வயர் எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.

சோதனை 1: இரவு முழுவதும் நின்ற காரில், பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

சோதனை 2: ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முழு சார்ஜ் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

சோதனை 3: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டாலும் 13-க்கு மேல் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறாக இருக்கலாம். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள புதிய கார்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். எனவே ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

சோதனை 4: சோதனை 3-ல் அளவு குறைந்தால், பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு ஹெட்லைட்டுடன் இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் நட்டிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. இதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் ஆல்டர்னேட்டர் உடலுக்கும் நடுவிலும் பாருங்கள்.

என் காரில் ஆல்டர்னேட்டரிடம் 14.3 வோல்ட் இருந்தது. பேட்டரிக்கு வந்து சேர்ந்ததோ 12.9 தான். பாசிட்டிவ் வயரில் மட்டும் 1.4 வோல்ட் காணாமல் போயிருந்தது! நட்டு தளர்ந்து, வயர் முனையில் பச்சை பூத்திருந்தது. இன்ஜினை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். செலவு எதுவும் இல்லை. நான் கொடுத்துவிட்ட பழைய பேட்டரி நல்லதாகவே இருந்திருக்கலாம்!

எல்லா அளவும் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறதா? கார் நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. டேஷ் கேமரா, டிக்கி விளக்கு போன்றவற்றைச் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய முறையை யாரையும் செய்யவிடாதீர்கள். அப்போது வோல்ட்டேஜ் சட்டென்று எகிறி, காரின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம்.

இப்போது மாதம் ஒருமுறை, அப்பாவின் செக்கப்புக்கு முந்தின நாள், போனட்டைத் திறந்து அளந்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலைதான். நீங்களும் செய்து பாருங்களேன்.