தோற்புற்றுநோயும் காலந் தாழ்த்தா அனுப்புகையும்

நோயாளியை உரிய வைத்தியரிடம் உரிய காலத்தில் அனுப்புதலும் வைத்தியத்தின் ஓர் அங்கமேயாம். அதிலே நேருந் தாமதம் சிறந்த சிகிச்சையையும் பயனற்றதாக்கிவிடும். தோற்புற்றுநோய் இதற்குத் தக்க சான்றாகும்.

வெண்ணிற மக்களிடத்து இந்நோய் பெரும்பாலும் வெயில் படும் உறுப்புக்களிலே தோன்றும். மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுந்த நம்மவர்க்கு இஃது அரிது. ஆயின், அரிது என்பது இல்லை என்பதன்று. மெலனோமா என்னுங் கொடிய வகை நம்மவரிடையே உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்னும் வெயில் படாத இடங்களிலேயே பெரிதுங் காணப்படும். வேறொரு வகை பழைய தீக்காயத் தழும்பிலும் நெடுநாள் ஆறாத புண்ணிலும் எழுவதுண்டு. ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழ்த் தோன்றிய மெலனோமா 1977இல் அறியப்பட்டது. 1981இல், தமது 36ஆம் வயதில், அவர் அந்நோயால் இறந்தார்.

பண்டத்தரிப்பிலே வெறுங்காலுடன் தோட்டஞ் செய்யும் ஒருவர் தம் உள்ளங்காலிற் கரும்புள்ளியொன்றைக் கண்டால், முள்ளுத் தைத்த வடுவென்றோ காலாணியென்றோ கருதுதல் இயல்பே. நோவில்லாமையால் மாதங்கள் கழியும். கழியும் மாதங்களோ ஆழமாக மாறும். கட்டி தோலினுள் எத்துணை மில்லிமீற்றர் இறங்கியுள்ளது என்பதைக் கொண்டே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதுங் கணிக்கலாமென, அமெரிக்க நோயியலறிஞர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் எடுத்துக்காட்டினார். 1 மில்லிமீற்றருக்கு உட்பட்ட நிலையில் வெட்டி அகற்றப்பெற்றோருட் பெரும்பாலார் நலமடைவர். ஆழம் மிகுமிடத்து அவ்வாய்ப்புக் குறையும்.

இங்கிலாந்திலே, புற்றுநோய் என ஐயுறப்படுவோரை இரண்டு வாரத்துள் நிபுணர் பார்த்தல் வேண்டுமென்னும் விதி 2000ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. 2023இல் அதற்குப் பதிலாக, 28 நாளுள் நோய் உண்டா இல்லையா என அறிவிக்கும் முறை முதன்மை பெற்றது. வெறுஞ் சந்திப்பன்று, முடிவான விடையே நோயாளிக்கு வேண்டுவது என்பது இம்மாற்றத்தின் கருத்தாகும்.

நமக்கோ வைத்திய மரபு புதியதன்று. அமெரிக்க மிசன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பிலே பணி தொடங்கினார். இன்று யாழ்ப்பாணத்திற் போதனா வைத்தியசாலை உண்டு; தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையமும் உண்டு. பின்னதன் பொருட்டு 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணஞ் செய்து நிதி திரட்டினர். எனவே சேருமிடம் உளது. சேரும் வழியே செப்பனிடற்பாலது.

அதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. முதலிற் பார்க்கும் வைத்தியர் பாதத்தையும் நகத்தையும் நோக்குதல் வேண்டும். அவர் எழுதுங் கடிதம் புள்ளியின் இடம், அளவு, தோன்றிய காலம், மாற்றம், குருதிக்கசிவு என்பவற்றைக் கூறி, ‘அவசரம்’ என்னுங் குறிப்பையும் திகதியையுந் தாங்குதல் வேண்டும். நோயாளி வீடு திரும்புமுன்னரே கிளினிக் நாள் குறிக்கப்படல் வேண்டும். நாட்கூலியை இழக்க அஞ்சி அவர் அந்நாளிற் செல்லாதொழியின், அதனை அறிந்து மீண்டும் அழைப்பாரும் வேண்டும். சோதனை முடிவு அனுப்பிய வைத்தியருக்குந் திரும்புதல் முறையாம்.

இவை யாவுக்கும் முற்பட்ட படி இல்லத்திலேயே உள்ளது. வளரும் புள்ளி, அகலும் நகக்கோடு, ஆறாத புண் என்னும் மூன்றனையும் மாணவர் அறிந்து, வீட்டு முதியோரின் உள்ளங்காலை ஒருமுறை நோக்குவாராயின், அனுப்புகை அங்கேயே தொடங்கிவிடும்.