கணனியைக் கேள்வி கேட்கும் தொழில்

உங்கள் தேசிய அடையாள அட்டையை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். வீடு, நகை, நட்டுவைத்த தென்னை என்று எதை விட்டு வந்தாலும், இந்த அட்டையை மட்டும் விடாமல் கொண்டுவந்தவர்கள் எம்மில் பலர். அதிலுள்ள இலக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனால் அந்த இலக்கம் எம்மைப் பற்றி என்ன சொல்கிறது?

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டும். பெண்ணாக இருந்தால் அந்த நாளுடன் 500 கூட்டப்படும். 2016 ஜனவரி முதல் வழங்கப்படும் அட்டைகளில் ஆண்டு நான்கு இலக்கமாகி, மொத்தம் 12 இலக்கங்கள் உள்ளன, எழுத்து இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்று வைத்தே இந்தக் கணக்குப் போடப்படுகிறது. ஆகவே எந்த ஆண்டானாலும் மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561.

இது தெரியாத ஒருவர், அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 ஐக் கழிக்க மறந்தால், பெண்கள் எல்லோருடைய அட்டையும் "பிழையான இலக்கம்" என்று திருப்பி அனுப்பப்படும். தனது சொந்த அட்டையை மட்டும் போட்டுப் பார்த்த ஆண் ஒருவருக்கு இந்தப் பிழை தெரியவே வராது. பெப்ரவரிக் கணக்கை மறந்தால், 1985 மார்ச் முதலாம் திகதி பிறந்தவர் மார்ச் 2 ஆம் திகதி பிறந்தவராகிவிடுவார். அதே ஆண்டு டிசம்பர் 31 இல் பிறந்த பெண்ணின் 866 என்ற இலக்கமோ இல்லாத ஒரு நாளைக் காட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதி, கணனியில் இன்னொரு திகதி. அதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது யார்? கணனி ஏறி இறங்காது. நாம்தான் ஏறி இறங்குவோம்.

இத்தகைய பிழைகளை மக்கள் கையில் போய்ச் சேருமுன் தேடிப் பிடிப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதுதான் மென்பொருள் சோதனை. அதனோடு இணைந்தது வணிக ஆய்வாளர் தொழில். அலுவலகங்களில் 'பிஸ்னஸ் அனலிஸ்ட்' என்பார்கள்.

மடுவத்தில் ஒரு பாடம்

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு வந்தால் சுற்றிலும் தேயிலை மலைகள். இந்தப் பகுதியில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்தே தொடங்கியது. இங்குள்ள பெண்களுக்கு 'நிறுத்தல்' என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து நிற்பவர்கள் அவர்கள்.

அந்த இடத்தில் கணனியோடு இணைந்த இலத்திரனியல் தராசு வருகிறது என்று வைப்போம். வணிக ஆய்வாளரின் முதல் வேலை, எல்லோரிடமும் போய்க் கேட்பது. கணக்குப்பிள்ளை என்ன எதிர்பார்க்கிறார்? தொழிலாளிக்கு என்ன தெரிய வேண்டும்? சம்பளப் பிரிவுக்கு எந்தக் கணக்குப் போக வேண்டும்? கேட்டவற்றை "தேவைகள்" என்று தெளிவாக எழுதுவது இரண்டாவது வேலை. "கழிவு நியாயமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதைச் சோதிக்க முடியாது. "வெறும் சாக்கைத் தராசில் வைத்தால் கொழுந்தின் நிறை பூச்சியம் என்று காட்ட வேண்டும்" என்று எழுதினால் யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

வணிக ஆய்வாளர் சோதனையையும் கற்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தவருக்கே தேவையை ஒழுங்காக எழுத வரும். எழுதும்போதே "இதை எப்படிப் பார்த்து உறுதி செய்வேன்?" என்று தன்னைத்தானே கேட்டால், மங்கலான வசனங்களில் பாதி அந்த இடத்திலேயே தெளிவாகிவிடும்.

நாளுக்குரிய நிறை 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல சோதனையாளர் 10 கிலோவையும் 25 கிலோவையும் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட மாட்டார். 17.9, 18, 18.1 என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். பிழைகள் வரம்போரத்தில் வளரும் புல்லைப் போல எல்லைகளில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். இதற்கு 'எல்லைப் பெறுமானச் சோதனை' என்று பெயர். அடையாள அட்டையிலும் இப்படியே: 000, 001, 366, 367, 500, 501, 866, 867 ஆகிய எட்டையும் போட்டுப் பார்த்தால் போதும். இவற்றில் 001, 366, 501, 866 ஆகிய நான்கை ஏற்க வேண்டும். மற்ற நான்கை மறுக்க வேண்டும்.

படிவத்தில் இல்லாத பெண்

எண்களில் வரும் பிழையைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அது கேள்வியிலேயே இருக்கும் பிழை.

உதவிக்கான ஒரு கணனிப் படிவத்தில் "திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை" என்று மூன்றே தெரிவுகள் உள்ளன என்று வைப்போம். திருமணமானவர் என்றால் கணவரின் கையொப்பம் கட்டாயம். விதவை என்றால் மரணச் சான்றிதழ் இலக்கம் கட்டாயம். கணவர் காணாமற்போன பெண் எதைத் தெரிவு செய்வாள்? கையொப்பமிட அவர் இல்லை. மரணச் சான்றிதழும் இல்லை. அதை எடுக்க அவள் மனம் ஒப்பவும் இல்லை. இந்த வேதனையை வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், காணாமற்போனவரின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்யப்பட்டது. அதைக் காட்டிச் சமூக நலன்புரி உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சட்டத்தில் வந்த ஒரு விடயம் கணனிப் படிவத்தில் தானாக வந்துவிடாது. "நான்காவது தெரிவு எங்கே?" என்று யாராவது கேட்க வேண்டும். மென்பொருள் எழுதத் தொடங்குமுன் கேட்டால் அது ஒரு வரித் திருத்தம். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்து முடிந்த பிறகு என்றால் அது பெரும் செலவு. அதற்குள் பல குடும்பங்கள் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயிருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்க யாரால் முடியும்? அப்படி ஒரு படிவத்தின் முன் பேனையைப் பிடித்தபடி விக்கித்து நின்ற பெண்ணால் முடியும். எமது அனுபவத்தை நாம் சுமையாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். இந்தத் தொழிலில் அது ஓர் அறிவு.

கணனியை நம்பிச் சிறைக்கு அனுப்பியவர்கள்

சோதனை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம். அந்நாட்டுத் தபாற் சேவை 1999 முதல் 'ஹொறைசன்' என்ற கணக்கு மென்பொருளைத் தனது உப தபாலகங்களில் புகுத்தியது. அந்த மென்பொருள் பல இடங்களில் இல்லாத பணக் குறைவைக் காட்டியது. "கணனி பிழை விடாது" என்று நம்பி, உப தபாலதிபர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குத் தொடர்ந்தார்கள். தண்டிக்கப்பட்டோர் தொகை 900 ஐத் தாண்டியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா என்ற பெண் 2010 இல் கர்ப்பிணியாக இருந்தபோதே சிறைக்கு அனுப்பப்பட்டார். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரலில் சீமா உட்பட 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. ஏனையோருக்காக 2024 இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

இன்னொரு கதை சந்திரப் பயணத்தோடு தொடர்புடையது. அப்போலோ விண்கலத்தின் மென்பொருளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரட் ஹமில்டன் என்ற பெண். பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லாத வேளைகளில் தன் சிறு மகளையும் வேலைத்தலத்துக்குக் கூட்டிச்செல்வார். ஒருநாள் குழந்தை விளையாட்டாகப் பொத்தான்களை அழுத்த, பறப்பின் நடுவே புறப்பாட்டுக்கு முந்திய நிலைக்குரிய நிரல் தொடங்கி, ஒத்திகைக் கருவி நிலைகுலைந்தது. இதற்கு ஒரு தடுப்பு வைக்க வேண்டும் என்று மார்கரட் கேட்டார். பயிற்சி பெற்ற விண்வெளி வீரர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று மேலிடம் மறுத்துவிட்டது. 1968 டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தின்போது வீரர் ஜிம் லொவெல் தவறுதலாக அதையே செய்தார். அழிந்த தரவுகளைப் பூமியிலிருந்து மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. "யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்" என்ற சொல்லைச் சோதனையாளர் ஒருபோதும் நம்பக்கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில், ஒரு கொப்பியும் பேனையும் போதும். உங்கள் கைத்தொலைபேசியில் உள்ள ஏதாவது ஒரு செயலியை எடுங்கள். தாளில் நான்கு நிரல்கள் போடுங்கள்: என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, சரியா பிழையா. பெயரை எழுதும் இடத்தில் எண்ணை எழுதிப் பாருங்கள். வெறுமையாக விட்டு அழுத்திப் பாருங்கள். இணைப்பை நடுவில் துண்டித்துப் பாருங்கள். இதுவே 'சோதனை நிகழ்வு' எழுதும் பயிற்சி.

அடுத்தது பிழை அறிக்கை. "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தத் தொலைபேசியில், எந்தப் படிகளைச் செய்தபோது, என்ன செய்தி வந்தது என்று எழுத வேண்டும். படித்தவர் அதே படிகளைச் செய்தால் அதே பிழை வர வேண்டும். திருத்திய பின் அந்தப் பிழை போய்விட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. முன்பு சரியாக இருந்த வேறேதும் கெட்டுப்போயிற்றா என்றும் பார்க்க வேண்டும். கூரையில் ஓர் ஓட்டை மாற்றும்போது பக்கத்து ஓடு உடைவதைப் போன்றதுதான் இதுவும்.

மூன்றாவது மொழி. இலங்கையில் சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள். எனவே பொதுமக்களுக்கான கணனி முறைமைகள் மூன்று மொழிகளிலும் ஒழுங்காக இயங்க வேண்டும். 'கொ' என்ற எழுத்து உடைந்து தெரிகிறதா, நீண்ட தமிழ்ப் பெயர் கட்டத்துக்கு வெளியே போய் வெட்டுப்படுகிறதா, தந்தை பெயரை முதலெழுத்தாக வைக்கும் எமது வழக்கத்தை 'குடும்பப் பெயர்' கேட்கும் படிவம் ஏற்கிறதா என்பதைத் தமிழ் தெரிந்தவரே சோதிக்க முடியும். தெல்தோட்டை போன்ற இடங்களில் கடைத்தெருவிலேயே சிங்களமும் பழகிக்கொண்ட பெண்களுக்கு இது மேலதிக பலம்.

பின்னர் முறையான கல்வி. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை முறையின் கீழ் கணனிப் பாடநெறிகள் உள்ளன. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். சோதனையாளருக்கென்று உலகெங்கும் ஏற்கப்படும் ஐ.எஸ்.ரி.கியூ.பி. அடிப்படைப் பரீட்சையில் 40 வினாக்கள். 26 சரியானால் சித்தி. நேரம் 60 நிமிடம். தாய்மொழியல்லாத மொழியில் எழுதுவோருக்கு 75 நிமிடம். பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பரீட்சைக்குக் கட்டணம் உண்டு.

ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இது மூன்று மாதத்தில் கைநிறையச் சம்பளம் தரும் மந்திரம் அல்ல. வாசித்து விளங்கும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும். வேலைகள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருக்கின்றன. வீட்டிலிருந்து செய்யக்கூடியவற்றுக்குப் போட்டி அதிகம். "வேலைக்கு உத்தரவாதம்" என்று பெருந்தொகை கேட்கும் வகுப்புகளுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். பணம் கட்டுமுன், அங்கு படித்து வேலைக்குப் போன இருவரோடாவது நேரில் பேசுங்கள்.

தனியாகத் தொடங்குவதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து தொடங்குவது நல்லது. வாரத்தில் ஒரு மாலை, சங்கக் கட்டடத்திலோ ஒருவரின் வீட்டிலோ கூடி, ஒரே படிவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சோதித்துப் பாருங்கள். ஒருத்தி காணாத பிழையை இன்னொருத்தி காண்பாள். உங்கள் முதலாவது பயிற்சிக்கு அந்த அடையாள அட்டையின் எட்டு இலக்கங்களையே எடுத்துக்கொள்ளலாம்.