ரூபம் மாறும் பூஞ்சை

ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போடப்பட்டிருந்த தம் தகப்பனாருக்குப் பரிசோதனையில் பூஞ்சை இருப்பதாகத் தெரிந்தும், வைத்தியர் மருந்து எழுதாமல் குழாயை மட்டும் எடுத்துவிடச் சொன்னது அசட்டையல்லவா என்று ஒரு வாசகர் மனத்தாங்கலோடு கேட்டிருக்கிறார். ஜுரமும் எரிச்சலும் இல்லை என்று அவரே எழுதியிருப்பதால், வைத்தியர் செய்தது நியாயமென்றே எனக்குத் தோன்றுகிறது.

காண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் இந்தப் பூஞ்சை நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருப்பதுதான். ஆன்டிபயாடிக் மருந்துகள் அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களை அழித்து இடம் ஒழித்துக் கொடுக்கும்போது அது தலையெடுக்கிறது. என்னை ஓயாமல் வியக்க வைப்பது அதன் ரூபபேதம். உருண்டையாக மொட்டுவிட்டுப் பெருகும் அதனை மனித இரத்தத்தின் சீரத்திலே இட்டு, 37 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், உருண்டைகள் முளைவிட்டு நூலாக நீளத் தொடங்கும். அந்த முளையைக் கண்டே ஆய்வுக்கூடத்தார் இனத்தை நிர்ணயிப்பதுண்டு. குழாய் உராய்ந்து புண்பட்ட மூத்திரப்பையில், புண்ணை ஆற்ற வந்த ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் குழாயின்மேலும் படிய, அதையே பிடிமானமாகக் கொண்டு பூஞ்சை ஒட்டிக்கொள்கிறது. பிறகு உருண்டையும் நூலும் பின்னிப் பிசுபிசுத்த படலமாகிவிட்டால், எத்தனை குடம் நீரை வீசினாலும் எங்கள் ஊர்க் குளத்துப் படியில் வழுக்கல் போகாதது போல, மருந்துக்கும் அது லேசில் அசைந்து கொடுப்பதில்லை. குழாயை எடுத்த மாத்திரத்தில் பலருக்கு அது தானாகவே மறைவதும் உண்டு.

அமெரிக்க வைத்தியர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930களில் உருவாக்கிய, நுனியில் பலூன் வைத்த இக்குழாய், நீர் பிரியாமல் துடித்த எத்தனையோ பேரின் அவஸ்தையைத் தீர்த்திருக்கிறது. ஆனால் ரோகியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போக ஆளில்லை, படுக்கை நனைந்துவிடும் என்ற சௌகரியங்களுக்காக அதை நாட்கணக்கில் விட்டுவைப்பதை நான் சிகிச்சை என்று ஒப்பமாட்டேன். "இன்றும் இது அவசியந்தானா?" என்று உறவினர்களே தினந்தோறும் கேட்கலாம், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

உபாதை உள்ளவர்கள், வெள்ளணுக்கள் மிகவும் குன்றியவர்கள், மிகக் குறைந்த எடையோடு பிறந்த சிசுக்கள், சிறுநீர்ப் பாதையில் சஸ்திர சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு மருந்து வேண்டியதுதான். அதிலும், இரத்தத்தில் பரவிய பூஞ்சையை அடக்கும் காஸ்போஃபங்கின் சிறுநீரில் போதிய அளவு சேருவதில்லை. ஃப்ளூகோனசோல் நன்றாகச் சேரும். ஆனால் சீரத்தில் முளைவிடாத காண்டிடா கிளப்ரேட்டா என்ற பங்காளி இனம் ஃப்ளூகோனசோலுக்குப் பல சமயங்களில் பணியாதாகையால், இனம் இன்னதென்று அறிந்த பிறகே வைத்தியர் மாத்திரையைத் தீர்மானிக்கிறார்.